பேப்பர் இருந்த இடம்

இரவு பத்தேகாலுக்குப் பூட்டைத் திறக்கிறேன்.
நாற்றம்தான் முதலில் வந்து நிற்கிறது,
அதற்குப் பின்னால்
வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு
பிட்டு.

கடையில் மிஞ்சிய பிட் துணியில் சுற்றி
மாம்பலத்தில் ரயிலேறி என் மடியில் வந்தவன்.
ஒரு காது நிற்கும், இன்னொன்று யோசிக்கும்.
பம்மலில் இரண்டாம் மாடி, ஒற்றை அறை.
மத்தியானம் கீழ்வீட்டு நசீமா
பால்சோறு வைத்துவிட்டுப் போவாள்.
மற்றபடி பகல் முழுக்க
அவனும் ஒரு சீலிங் ஃபேனும்.

பாத்ரூம் வாசலை ஒட்டிய மூலையில் குட்டை.
விளக்குகூடப் போடாமல்
செருப்போடு, தோள்பையோடு
அதைத் தாண்டி உள்ளே ஓடுகிறேன்.
உட்கார்ந்த பிறகுதான்
கோபப்பட நேரம் கிடைக்கிறது.

துடைக்கும் முறை மனப்பாடம்.
முதலில் பழைய துணி.
ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது,
தேய்த்தால் பரவும்.
பிறகு வெந்நீர், பிறகு வினிகர்.
மொசைக் தரையின் கறுப்புப் புள்ளிகளில்
எது கல், எது ஈரம் என்று
கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

"மூக்கப் புடிச்சு அதுலயே தேயிக்கா,
எங்கூர்ல அப்பிடித்தான்" என்றாள் ஜெபசெல்வி.
ஒருநாள் தேய்த்தேன்.
அன்று ராத்திரி என் காலை நக்கினான்.
கையை விட்டுவிட்டான்.

எங்கள் தளத்துக் கழிவறைச் சாவி
தாமோதரன் சார் சட்டைப்பையில் இருக்கிறது.
"இப்பதானே போன?" என்பார்
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.
ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அதுவும் கேட்க முடியாது.
பட்டுப்புடவையை விரித்துப் பிடித்து,
தொடைகளை இறுக்கிக்கொண்டு,
"பார்டர் பாருங்க மேடம், ரெட்டைப்பேட்டு" என்று
சிரிக்கத் தெரியும் எனக்கு.
காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலிருக்கத் தெரியும்.
பன்னிரண்டு வருடப் பழக்கம்.
அவனுக்கு வயதே
பன்னிரண்டு வாரம்.

விரிசல் விழுந்த பழைய போனை
அரிசி டப்பாவில் சாய்த்து
வீடியோ ஓடவிட்டுப் போனேன்.
புதன்கிழமை, என் வார விடுப்பில்,
உட்கார்ந்து பார்த்தேன்.

கதவிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறான்.
ரொம்ப நேரம் அதுதான் படம்.
பதினொன்றரைக்கு எழுந்து சுற்றுகிறான்.
நேராக மூலைக்குப் போகிறான்.
நான் முட்டிபோட்டு
"இங்க, இங்க" என்று பத்து நாளாகத்
தட்டிக் காட்டிய அதே மூலை.
பேப்பர் அங்கே இல்லை.
அவனுக்குப் புழுங்கக் கூடாதென்று
நான் ஓடவிட்டுப் போன ஃபேன்
எப்போதோ அதைத் தூக்கிக்
கட்டிலுக்கடியில் கொண்டுபோய்விட்டிருந்தது.
(இழுத்துப் போட்டு விளையாடுகிறான் என்று
அதற்கும் தனியாகத் திட்டியிருந்தேன்.)

வெறும் தரையை முகர்கிறான்.
கதவை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான்.
இன்னொரு சுற்று.
பின்னங்கால்கள் நடுங்குகின்றன, அது எனக்குத் தெரியும்.
பிறகு
பேப்பர் இருந்த இடத்திலேயே,
ஓரம்கூடத் தப்பாமல்
இருந்துவிடுகிறான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
பிட்டு அதற்குள்
என் சீருடைப் புடவையின் முந்தியில் ஓட்டை போட்டிருந்தான்.
நாயிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?
குனிந்து என் மூக்கைக் காட்டினேன்.
நக்கினான்.
அவனுக்கு உப்பு பிடிக்கும்.

பேப்பரின் நாலு மூலைக்கும் நாலு கனம்:
அரைச் செங்கல், சாம்பார்ப்பொடி டப்பா,
சூடேறாத இஸ்திரிப்பெட்டி,
நாலாவதுக்கு ஒன்றும் அகப்படாமல் என் பழைய செருப்பு.
வியாழன் இரவு
பேப்பர் வைத்த இடத்தில் இருந்தது,
ஒரு மனை விளம்பரத்தின் மேல் சரியாக நனைந்து.
செருப்பின் வார்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு
தாமோதரன் சாரிடம் கை நீட்டினேன்.
"இப்பதானே போன?"
"ஆமா சார். சாவி குடுங்க."
வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம்,
ஜெபசெல்வி அப்புறம் சொன்னாள்.

அன்று ராத்திரி திறந்தால்
பேப்பர் காய்ந்து கிடக்கிறது,
குட்டை கட்டில்காலை ஒட்டி.
இடியிடித்ததாம், நசீமா சொன்னாள்.
துணியை எடுத்தேன்.
ஒற்றி எடுத்தேன்.
தேய்க்கவில்லை.